கோணல் மாப்பிள்ளை

மேஸ்திரிக்கு மருமகன் மேல் பெரிய பகை ஒன்றும் கிடையாது. மருமகன் விரிக்கிற கம்பளத்தின் மேல்தான் பகை. கல்யாணமான புதிதில், மாமனார் வீட்டு முன்னறைக்கு ஒரு தரைவிரிப்பு ஒட்டித் தருகிறேன் என்று மாப்பிள்ளை ஆசை ஆசையாகக் கத்தியும் பசையுமாக வந்து உட்கார்ந்தான். தொழிலே அதுதான் அவனுக்கு. வேலை முடிந்ததும் மேஸ்திரி சுவரோரம் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஒரு மூலையில் விரல் கனத்துக்கு விலகியிருந்தது.

"கோணல்" என்றார். அவ்வளவுதான்.

மாமியார் அவசரமாக ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அந்த மூலையில் போட்டு மறைத்தார். அதனால் என்ன பிரயோஜனம்? அன்றிலிருந்து அந்த வீட்டில் அவனுக்குக் கோணல் மாப்பிள்ளை என்று பேராகிவிட்டது. "கோணல் மாப்பிள்ளே, சாப்பிட்டீங்களா?" என்று மரியாதை குறையாமல் கேட்பார் மேஸ்திரி. மரியாதை கொடுத்துக்கொண்டே மானத்தை வாங்குவதில் அவருக்கு நிகர் அவர்தான். அதற்குப் பிறகு மாப்பிள்ளை எத்தனையோ கூடங்களுக்கும் அலுவலகங்களுக்கும் மயிரிழை பிசகாமல் கம்பளம் விரித்தான். அதையெல்லாம் யார் பார்த்தது? மேஸ்திரி பார்த்தது அந்த ஒரு மூலையைத்தான்.

அப்படிப் பேசுகிறவருக்குச் சொந்தமாகக் காட்ட ஒரு சுவர் இருந்தது. தெருக்கோடிப் பள்ளிவாசலின் முன்சுவர். தொழுகிறவர் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் மக்காவிலுள்ள கஅபாவைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். அந்தத் திசைக்குக் கிப்லா என்று பெயர். ஆகையால் பள்ளிவாசலில் மற்ற மூன்று சுவர்கள் எப்படி இருந்தாலும் காரியம் நடந்துவிடும், கிப்லாச் சுவர் மட்டும் தப்பக் கூடாது. அந்தச் சுவருக்கு முதல் கல்லை நட்டவர் மேஸ்திரி. அந்திவெயில் நேரத்தில் வெற்று மனையில் நின்று, இறங்குகிற சூரியனைப் பார்த்து நூலைப் பிடித்து, அதன்படி திசையை முடிவு செய்தார். கிப்லா மேற்குதானே, சூரியன் விழுவதும் மேற்குதானே என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்துக் கதை அது. இன்றைக்கும் யாராவது புது ஆள் தொழ வந்தால், "இந்தச் சுவரு நான் நூல் பிடிச்சது" என்று சொல்லாமல் அவரைப் போகவிட மாட்டார்.

பள்ளிவாசலின் பழைய பாய்கள் நைந்துபோய்விட்டன. புதிதாகக் கம்பளம் போடுவது என்று முடிவானதும் வேலை மாப்பிள்ளையிடம் வந்தது. "பார்த்து, என் சுவரை ஒட்டிப் போடுங்க. கோணலாச்சுன்னா மறைக்க இங்க ஸ்டூல் கிடையாது" என்று மேஸ்திரி வழியனுப்பிவைத்தார்.

தொழுகைக் கம்பளத்தில் நெய்யும்போதே குறுக்கே கோடுகள் விழுந்திருக்கும். ஆட்கள் அந்தக் கோட்டில் பாதத்தை வைத்துத் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். கோடு எந்தப் பக்கம் பார்க்கிறதோ கூட்டமும் அந்தப் பக்கம்தான் பார்க்கும். அதனால் எந்தப் பள்ளிவாசல் வேலை என்றாலும் மாப்பிள்ளை முதலில் முற்றத்துக்குப் போய், இரும்பு எதுவும் பக்கத்தில் இல்லாத இடமாக நின்று, போனில் திசையைச் சரிபார்த்துக்கொள்வான். எல்லா இடத்திலும் சுவரும் போனும் ஒத்துப்போகும். இங்கே ஒத்துப்போகவில்லை.

போனைத் தட்டிப் பார்த்தான். இடம் மாறி நின்று பார்த்தான். அணைத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தான். முள் அசையவில்லை, கிப்லா சுவருக்கு நேராக இல்லை, நன்றாக வலப்பக்கம் சாய்ந்து கிடந்தது. விரல் கனமா அது? முன்வரிசை ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்க, மக்கா வேறொரு திசையில் இருக்கிற அளவுக்கு விலகல். மேஸ்திரி நூல் பிடித்த அன்று மழைக்காலம் முடிகிற பருவம், சூரியன் தெற்கே தள்ளி இறங்குகிற நேரம். சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் இறங்குவதில்லை என்பதை அன்றைக்கு யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்து ஸ்டூலையும் ஒரே உதையில் உதைத்துத் தள்ளிய மாதிரி இருந்தது. அளவு எடுக்க வந்தவன் அளவையும் மறந்து வீட்டுக்கு ஓடினான்.

"என்னங்க, முகமெல்லாம் பல்லா இருக்கு?" என்றாள் அவன் மனைவி. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வாப்பா சுவரு கோணல்!"

"எந்தச் சுவரு?"

"பள்ளிவாசல் சுவரு. நூல் பிடிச்ச சுவரு. நாளைக்குக் கம்பளத்தைச் சரியான திசையில விரிச்சேன்னா, சுவரு ஒரு பக்கம் கோடு ஒரு பக்கம் நிக்கும். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். அப்புறம் பார்க்கிறேன், யாரு கோணல்னு."

அவளுக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாப்பாவின் வாயால் வதைபடாதவர் அந்த வீட்டில் யார்? சிரித்துக்கொண்டே ஒரு சட்டையை மடித்தாள். இன்னொன்றை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, உம்மாவை எந்தப் பக்கம் பார்த்து வச்சீங்க?"

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை.

மாமியார் இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. பள்ளிவாசலுக்குப் பின்னால்தான் அடக்கம். இறந்தவரைக் கபருக்குள் வலப்பக்கமாகச் சாய்த்து, முகம் கிப்லாவைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். கிப்லாவுக்கு அளவு எது? பள்ளிவாசல் சுவர்தான். அதற்கு இணையாகத்தான் குழி வெட்டினார்கள். மேஸ்திரி யாரையும் தொடவிடாமல் தானே குழிக்குள் இறங்கி மனைவியின் முகத்தைத் திருப்பிவைத்தார். மேலே நின்று கைகொடுத்துத் தூக்கிவிட்டவன் இதே மாப்பிள்ளை.

அந்த அம்மாளுக்கு வாழ்நாளெல்லாம் இருந்தது ஒரே ஆசை. கஅபாவைக் கண்ணால் பார்க்க வேண்டும். சமையலறையில் அடுப்புக்கு நேரே அதன் படம் ஒன்றை மாட்டி, புகை படியப் படியத் துடைத்துக்கொண்டே இருப்பார். ஹஜ்ஜுக்குப் போகிற பேச்சு ஒவ்வொரு வருஷமும் எடுபடும். மேஸ்திரிக்கு ஏதாவது ஒரு கட்டடம் பாதியில் நிற்கும். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று கடைசியில் ஆளே இல்லாமல் போனார். மேஸ்திரி தினமும் வைகறைத் தொழுகை முடிந்து அந்தக் கபரருகே போய் நிற்பார். அவளுக்காக இறைவனிடம் துஆ கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து டீ குடிக்கும்போது சொல்வார்: "பாக்கத்தான் கூட்டிட்டுப் போகலை. முகத்தையாவது அந்தப் பக்கம் திருப்பி வச்சுட்டேன்." அந்த மனுஷன் நிம்மதியாகத் தூங்கியதே அந்த ஒரு வாக்கியத்தின் மேல் தலைவைத்துத்தான்.

"வாப்பாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாருங்க" என்றாள் அவள்.

தெரியாமல் எப்படி விரிப்பது என்று மாப்பிள்ளை மண்டையை உடைத்துக்கொண்டான். சுவரை ஒட்டியே கோடு போட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவனுக்குத் தெரியுமே. போனை ஏன்தான் எடுத்தோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுநாள் பள்ளிவாசல் இமாமிடம் போனான். ஊரில் எல்லோரும் அவரை ஹஜ்ரத் என்பார்கள். வயது குறைவு, நிதானம் அதிகம். அவரும் முற்றத்தில் நின்று போனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"தெரியாத வரைக்கும் தொழுதது தொழுகைதான். யாருக்கும் ஒரு குறையும் வராது. தெரிஞ்ச பிறகு தெரியாத மாதிரி நிக்க முடியாது" என்றார்.

"அதை மேஸ்திரிகிட்ட யாரு சொல்றது ஹஜ்ரத்?"

"நீங்க மருமகனாச்சே."

"நீங்க இமாமாச்சே."

பூனைக்கு மணி கட்ட ஆள் இல்லை. பிறகு ஹஜ்ரத்தான் சொன்னார், வருஷத்தில் இரண்டு நாள் சூரியன் கஅபாவின் நேர் உச்சியில் வந்து நிற்கும் என்று. அந்த நேரத்தில் சூரியன் கண்ணுக்குத் தெரிகிற எந்த ஊரிலும், அதைப் பார்த்து நின்றால் கிப்லாவைப் பார்த்து நின்றதாக ஆகும். ஒரு கம்பை நட்டால் நிழல் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் விழும். அந்த நாள் அடுத்த வாரம் வருகிறது. "போன் சொன்னா அவரு நம்ப மாட்டாரு. சூரியன் சொன்னா நம்புவாரு" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை உரையில் ஹஜ்ரத் எடுத்துக்கொண்ட விஷயம் கிப்லா. நபி அவர்கள் மக்காவைவிட்டு மதீனாவுக்கு வந்த புதிதில் முஸ்லிம்கள் ஜெருசலேமை நோக்கித்தான் தொழுதார்கள், ஒன்றரை வருஷம் போல அப்படித்தான் நடந்தது என்றார். நபியவர்களின் மனசு கஅபாவுக்கு ஏங்கியது; வானத்தை அண்ணாந்து அண்ணாந்து பார்ப்பார்கள். கடைசியில், கஅபாவின் பக்கம் திரும்பும்படி வசனம் இறங்கியது. இன்னொரு பள்ளிவாசலுக்குச் செய்தி போனபோது அங்கே ஆட்கள் தொழுகையில் குனிந்திருந்தார்கள். வந்தவர் வாசலில் நின்று குரல் கொடுத்தார். அவர்கள் தொழுகையை முறிக்கவில்லை, காரணம் கேட்கவில்லை. இருந்த நிலையிலேயே அப்படியே திரும்பிவிட்டார்கள்.

தூணோரம் உட்கார்ந்திருந்த மேஸ்திரிக்கு உரை ரொம்பப் பிடித்துவிட்டது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சாப்பிடும்போதும் அதே பேச்சு. "எப்பேர்ப்பட்ட ஆளுங்க பாருங்க மாப்பிள்ளே. நின்ன வாக்கில திரும்பியிருக்காங்க. நம்ம ஆளுங்களைத் திரும்பச் சொன்னா முதல்ல கமிட்டி போடுவாங்க." மாப்பிள்ளைக்குப் புரையேறியது. மனைவி தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"மாமா, கம்பளத்துக்குக் கோடு குறிக்கணும். போன்ல ஒரு திசை காட்டுது. எனக்கு அதுல நம்பிக்கை இல்லை. உங்க தூக்குக்குண்டு கொஞ்சம் வேணும்" என்றான்.

மேஸ்திரியின் முகம் மலர்ந்தது. கோணல் மாப்பிள்ளைக்கு இப்போதுதான் புத்தி வந்தது என்று அவருக்கு எண்ணம். "குண்டை மட்டும் கொடுத்தா எப்படி? நானே வர்றேன்" என்றார். மாப்பிள்ளைக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது.

குறித்த நாளில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. முற்றத்துச் சிமெண்டுத் தரையில் மூன்று குழாய்களைக் கட்டி நிறுத்தி, நடுவில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார் மேஸ்திரி. வயது தளர்ந்தாலும் முடிச்சு தளரவில்லை. குண்டு ஆடி ஆடி அடங்கியது. ஹஜ்ரத் போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, "இப்போ" என்றார்.

மேஸ்திரி குனிந்து, நூலின் நிழல் விழுந்த இடத்தில் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்தார். புள்ளிகளின் மேல் ஒரு நூலை இழுத்துக் கட்டினார். தரையில் உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, நூலின் வழியே தம் சுவரைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். நூலை அவிழ்த்து மறுபடி கட்டிப் பார்த்தார். அவர் கட்டிய எத்தனையோ வீடுகளில் யாரோ ஒரு கொத்தன் எழுப்பிய சுவரை அப்படிப் பார்த்திருப்பார். முதல் தடவையாகத் தம் சுவரைப் பார்த்தார்.

"கோணல்" என்றார்.

மாப்பிள்ளை இந்த வார்த்தையைத் திருப்பிக் கேட்கத்தானே அன்றைக்கு ஓட்டமாக ஓடினான்? இப்போது காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

சுவரைப் பற்றி மேஸ்திரி அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து, பின்பக்கமாக நடந்தார். இருவரும் பின்னாலேயே போனார்கள். மனைவியின் கபரருகே நின்று, கையை நீட்டி ஏதோ அளப்பதுபோல் காற்றில் ஒரு கோடு போட்டார்.

"அப்போ இவ எதைப் பார்த்துப் படுத்திருக்கா?"

மேஸ்திரி குனிந்து கபரின் மண்ணைத் தொட்டார்.

"நான்தானே திருப்பி வச்சேன். என் கையால." அவர் கையை விரித்துப் பார்த்தார். "தோண்டித் திருப்பி வைக்கலாமா ஹஜ்ரத்?"

"இத்தனை வருஷம் கழிச்சா? மண்ணோட கலந்தவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது மேஸ்திரி" என்றார் ஹஜ்ரத். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு உரையில ஒண்ணை விட்டுட்டேன். கிப்லா மாறினப்போ அங்கேயும் இதே கவலை வந்துச்சு. பழைய திசையில தொழுது தொழுது, மாறுறதுக்கு முன்னாடியே இறந்துபோனவங்க கதி என்னன்னு கேட்டாங்க. உங்க ஈமானை, உங்க நம்பிக்கையை, அல்லாஹ் வீணாக்க மாட்டான்னு பதில் வந்துச்சு."

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். "அன்னிக்கு எனக்குத்தான் ஓதினீங்களா?"

ஹஜ்ரத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நல்ல பதில்தான். ஆனா அவங்களுக்கு அந்தப் பழைய திசை அல்லாஹ் சொன்னது. இவளுக்கு நான் சொன்னது. ரெண்டும் ஒண்ணா?"

"நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க? கிழக்கும் அவனோடது, மேற்கும் அவனோடது. அந்தம்மா அவன்கிட்ட போய்ச்சேர உங்க நூல் வேணுமா என்ன?"

மேஸ்திரிக்கு அது போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தார். வீட்டுக்கு வந்தவர் படுத்துவிட்டார். பள்ளிவாசல் பக்கம் போகவே இல்லை, வீட்டிலேயே தொழுதார். ஒவ்வொரு வேளையும் விரிப்பை எடுத்துக்கொண்டு வந்து நின்று, "எந்தப் பக்கம்மா?" என்று மகளைக் கேட்டார். காலையில் காட்டிய திசைதானே மாலையிலும்? இருந்தாலும் கேட்டார். ஊருக்கே திசை சொன்ன மனுஷன் தன் வீட்டு முன்னறையில் நின்று கேட்கிறாரே என்று அவள் சமையலறைக்குள் போய் அழுதாள். மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் கோணல் என்ற சொல்லே காதில் விழவில்லை. அது இத்தனை வலிக்கும் என்று அவன் நினைத்ததில்லை.

வேலையைத் தள்ளிப்போடவும் முடியாது. கம்பளச் சுருள்கள் வந்து இறங்கிவிட்டன. புது ரப்பர் நாற்றம் பள்ளிவாசல் முழுக்க அடித்தது. ஹஜ்ரத் ஆட்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மேஸ்திரி சொன்னதற்கு மாறாக, யாரும் கமிட்டி போடவில்லை. "சரி, திரும்பிக்குவோம்" என்று ஒத்துக்கொண்டார்கள்.

அன்று மாப்பிள்ளை தனியாகக் கூடத்தின் நடுவே மண்டியிட்டிருந்தான். சாய்வாக விரிக்கிற வேலை பிராணனை வாங்கும். ஒவ்வொரு சுருளின் நுனியையும் சுவருக்குத் தக்கபடி சரிவாக வெட்ட வேண்டும். மூலைகளில் முக்கோணத் துண்டுகள் மிஞ்சும். எல்லாவற்றுக்கும் முதலில், தரையில் ஒரு நேர்க்கோடு விழ வேண்டும். சாக்பீஸ் பொடி தோய்த்த நூலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினால் கோடு விழும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். அவன் ஒரு முனையை ஆணியில் மாட்டினான். ஆணி நழுவியது. மறுபடி மாட்டினான்.

"ஆணியை நம்பினா இப்படித்தான்" என்று வாசலில் குரல் கேட்டது.

மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தம் சுவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்து, நூலின் முனையைக் கையில் எடுத்தார். மாப்பிள்ளை அடுத்த முனையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போனான். முற்றத்தில் குறித்த திசையிலிருந்து உள்ளே கொண்டுவந்த புள்ளிகள் தரையில் இருந்தன. மேஸ்திரி நூலைத் தம் புள்ளியின் மேல் கட்டை விரலால் அழுத்தினார்.

"மாப்பிள்ளே."

"சொல்லுங்க மாமா."

"என்னை அவ பக்கத்துலதான் வைப்பீங்க?"

"இப்போ எதுக்கு மாமா இந்தப் பேச்சு?"

"கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க."

"உம்மா பக்கத்துலதான். வேற எங்கே?"

"வைக்கிறப்போ இந்தக் கோட்டுப்படி வைக்கணும். சுவத்துப்படி இல்ல."

மாப்பிள்ளை யோசித்தான். "அப்போ ரெண்டு கபரும் ஒண்ணுக்கொண்ணு சாய்வா இருக்குமே மாமா. பார்க்கிறவங்க கேப்பாங்களே."

"கேக்கட்டும். உசுரோட இருந்தப்போ மட்டும் நேரா நின்னோமா? நான் இப்படின்னா அவ அப்படிம்பா." மேஸ்திரிக்கு லேசாகச் சிரிப்பு வந்தது, வந்த வழியே போய்விட்டது. "அவளைத் திருப்பத் தெரியாம திருப்பிட்டேன். இனி அவளை அவன் பார்த்துக்குவான். ஹஜ்ரத் சொன்னது ராத்திரியெல்லாம் ஓடிச்சு, அதுதான் சரி. எனக்கு அந்தச் சாக்குக் கிடையாது பாரு. தெரிஞ்சுபோச்சு. என்னைச் சரியா வைக்கணும்."

"சரி மாமா."

"குழிக்குள்ள நீதான் இறங்கணும். வேற எவனையும் விடாதே. என் முகத்தை நீ திருப்பு."

"நானா? நான் வச்ச மூலை..."

"விரல் கனம்தானே? அன்னைக்கே பார்த்தேன். அதுக்கு மேல நீ தப்ப மாட்டே."

மாப்பிள்ளையின் கண் கலங்கிப் புள்ளி தெரியாமல் போனது. புறங்கையால் துடைத்தான். மேஸ்திரி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நூலைப் பார்த்தார்.

"அழறதுன்னா அப்புறம் அழு. இழுத்துப் பிடி. நூல் தொய்யுது பார்."